கட்டிய வீட்டுக்குக் காவலாளியா, கட்டிய மனைவி?



பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் சிதம்பரம் நகரிலும் சம்பந்தம் பேச உட்காரும்போது எழும் முதல் கேள்வி, மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார் என்பது. அடுத்த கேள்வி சம்பளம். அதற்கடுத்து மஹர், நகை, மண்டபம், வலீமா என்று பேச்சு விரிகிறது. பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கேள்வி மட்டும் அந்தச் சபையில் எழுவதில்லை: பெண்ணை எப்போது அழைத்துக்கொள்வார்? கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்களோ என்று பெண்ணின் அத்தாவுக்குத் தயக்கம். ‘நிக்காஹ் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று நடுவில் இருப்பவர்கள் பேச்சை முடித்துவைக்கிறார்கள். அந்தப் ‘பிறகு’ பல பெண்களுக்கு 20 ஆண்டுகள், 25 ஆண்டுகள் என்று நீண்டுவிடுகிறது.

இதை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது, வருமானமும் இடங்கொடுக்கிறது, அவளும் வர விரும்புகிறாள். அப்படியிருந்தும் மனைவியை ஊரில் நிறுத்திவைப்பது அவளுடைய ஹக்கைப் பறிப்பதாகும். அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டிவிடுகிறோம். தன்னுடையதை விட்டுக்கொடுப்பவர்தாம் தியாகி. அவளைக் கேட்காமலேயே அவளுடையதை விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த நற்பெயரை நாம் வாங்கிக்கொள்கிறோம்.

25 ஆண்டில் 25 மாதம்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டாலும், 25 ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்தவர் மனைவியோடு வாழ்ந்த காலம் 25 மாதங்கள்தாம். கால் நூற்றாண்டு இல்லறத்தில் இரண்டு ஆண்டும் ஒரு மாதமும்! அந்தச் சில வாரங்களும் அவளுக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. உறவினர் வீட்டு விருந்து, கொத்தனார் கணக்கு, நிலப் பத்திரம், நோயாளிகளை நலம் விசாரித்தல், மய்யித்து வீடுகளுக்குப் போய்வருதல் என்று நாட்கள் கரைந்து, கடைசி வாரம் பெட்டி கட்டுவதில் முடிந்துவிடுகிறது.

மின் கட்டணம் முதல் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை, மாமியாரின் மருத்துவம் முதல் வீட்டுக் கூரையின் ஒழுகல் வரை அனைத்தையும் அவள் தனியாகச் சுமக்கிறாள். ஆயினும் முடிவெடுக்கும் அதிகாரம் அவளிடம் இருப்பதில்லை. கடைத்தெருவுக்குப் போனால், ‘புருஷன் ஊரில் இல்லாத பெண்ணுக்கு என்ன வேலை?’ என்று கேட்கும் கண்கள். போகாவிட்டால், பொறுப்பில்லாதவள் என்ற பேச்சு. பிள்ளைகளுக்கோ அத்தா என்பவர் கைப்பேசித் திரையில் தெரியும் முகம். விடுப்பில் வந்து நிற்கும் தந்தையைக் கண்டு உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும் குழந்தையை நம்மில் பார்க்காதவர் யார்? அந்தக் குழந்தை கூச்சம் தெளிந்து மடியில் ஏறி அமரும்போது அவருடைய விடுப்பு முடிந்துவிடுகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மனைவியரைப் படைத்ததன் நோக்கத்தைக் கூறும் வசனத்தில் (30:21), அவர்களிடம் நாம் மன அமைதி பெறுவதையும், இருவருக்கிடையே அன்பையும் கருணையையும் அல்லாஹ் குறிப்பிடுகிறான். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்கிறது மற்றொரு வசனம் (2:187). உடலைவிட்டு ஆயிரம் மைல் தள்ளித் தொங்கும் ஆடையால் யாருக்கு என்ன பயன்?

தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருக்கும் பெண்களைப் பற்றிய கட்டளையையும் சிந்திக்க வேண்டும். உங்கள் வசதிக்கேற்ப நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே அவர்களையும் குடியமர்த்துங்கள் என்பது அதன் கருத்து (65:6). பிரிவின் வாசலில் நிற்பவளுக்கே இந்த உரிமை என்றால், நிக்காஹ்வில் முழுமையாக இருப்பவளுக்கு எத்தகைய உரிமை இருக்கும்! மனைவியை நெருங்குவதில்லை என்று சத்தியம் செய்தவனுக்கும் நான்கு மாதமே தவணை (2:226). மனைவியரிடையே நீதி பேணுவது பற்றிப் பேசும் வசனம், ஒருத்தியை அந்தரத்தில் தொங்கவிடுவதைத் தடுக்கிறது (4:129). கணவன் இருந்தும் கணவனோடு வாழாதவளை வேறெந்தச் சொல்லால் குறிப்பது?

நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள் என்பது ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு. ஒருவர் போர்ப் படையில் தம் பெயர் பதிவாகியிருப்பதையும், தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டதையும் தெரிவித்தபோது, போய் மனைவியோடு ஹஜ் செய்யும்படி நபியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் தோழர்களும் மார்க்கம் கற்க வந்து ஏறத்தாழ 20 நாட்கள் தங்கினார்கள். அந்த இளைஞர்களுக்குக் குடும்ப ஏக்கம் வந்துவிட்டதை நபியவர்கள் தாமாகவே உணர்ந்து, குடும்பத்தாரிடம் திரும்பிப் போய் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். இவை மூன்றும் புகாரியில் உள்ளவை. அல்லாஹ்வின் தூதருடைய அவையில் அமர்ந்து இல்ம் கற்பதற்கே 20 நாட்களில் விடுப்புக் கிடைத்தது. நாமோ 20 ஆண்டுகள் விட்டுவைத்துவிட்டுப் பொறுமையைப் பற்றிப் பெண்களுக்கு பயான் செய்கிறோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவைச் சுற்றி வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் புலம்புவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று விசாரித்து, அதற்கு மேல் எந்த வீரரையும் படையில் நிறுத்திவைக்கக் கூடாது என்று ஆணையிட்டார்கள். அந்தக் காலம் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. தக்க காரணமின்றிக் கணவன் ஆறு மாதத்துக்கு மேல் விலகியிருந்தால் மனைவி முறையிடலாம் என்பது ஹன்பலி மத்ஹபின் நிலை. நாட்டின் சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. தக்க காரணமின்றி மூன்று ஆண்டுகள் இல்லறக் கடமையை நிறைவேற்றாத கணவனிடமிருந்து மனைவி விடுதலை கோரலாம் என்கிறது 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். எந்தப் பெண்ணும் நீதிமன்றம் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் சிறியதாக நினைக்கும் இந்தப் பிரிவு, ஷரீஅத்தின் பார்வையிலும் சட்டத்தின் பார்வையிலும் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டவே சொல்கிறோம்.

‘நம் முன்னோர் போகவில்லையா?’

போனார்கள். பரங்கிப்பேட்டைத் துறையிலிருந்து அச்சே, மலாக்கா, கெடா என்று நம் மரைக்காயர்களின் கப்பல்கள் சென்றன. 1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் அமைத்த சில ஆண்டுகளிலேயே சூலியா முஸ்லிம்கள் அங்கே திரண்டுவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய காதிர் முகைதீன் மரைக்காயர் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர். இந்த வரலாற்றை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வரலாற்றுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. போன இடத்தில் மலாய்ப் பெண்களை மணந்து குடும்பம் அமைத்தவர் பலர். அவ்வழியில் பிறந்த மக்களே ஜாவி பெரானாக்கான் என்று தனிச் சமூகமாக அறியப்படும் அளவுக்குப் பெருகினர். அங்கே ஒரு குடும்பம் தழைத்தபோது, இங்கே காத்திருந்த பெண்களைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசவில்லை. அன்று பாய்மரக் கப்பல் காற்றின் பருவத்துக்குக் கட்டுப்பட்டது. போனவர் நினைத்த மாத்திரத்தில் திரும்ப இயலாது. இன்றோ சிதம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரும் நேரத்தைவிட, மீனம்பாக்கத்திலிருந்து துபாய் போய் இறங்கும் நேரம் குறைவு. காற்றுக்குக் காத்திருந்தவர்களின் காரணத்தை, நான்கு மணி நேர விமானப் பயணத்தில் இருப்பவர்கள் கடன் வாங்குவது நியாயமாகாது.

நாம் சொல்லும் காரணங்கள்

பெற்றோரை யார் பார்ப்பது என்பது முதற்காரணம். பெற்றோரைப் பேணுவது உயர்ந்த கடமை. அதில் இரு கருத்தில்லை. அந்தக் கடமை பிள்ளைகள் மீது விதிக்கப்பட்டது. மருமகள் மனமுவந்து செய்தால் அது அவளுடைய இஹ்ஸான். அல்லாஹ்விடம் அதற்குக் கூலி உண்டு. அவளிடம் அதைக் கட்டாயமாக வாங்க மார்க்கத்தில் இடமில்லை. மனைவி கேட்டால், கணவனின் உறவினர் இல்லாத தனி இருப்பிடம் தர வேண்டும் என்று ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களே எழுதிவைத்துள்ளன. ஐந்து மக்கள் உள்ள வீட்டிலும், வெளிநாட்டில் இருப்பவனின் மனைவி தலையில் மட்டும் முழுப் பொறுப்பும் விழுவதைக் காண்கிறோம். உடன்பிறந்தார் முறைவைத்துப் பார்க்கலாம். கூலிக்கு ஆள் அமர்த்தலாம். இயன்றால் பெற்றோரையே சில மாதம் அழைத்து வைத்துக்கொள்ளலாம். வேறு யாருமே இல்லை என்ற நிலையில் அவளிடம் வேண்டிக்கொள்ளலாம். வேண்டுகோளுக்கும் கட்டளைக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்கள் அறிய வேண்டும்.

வீடு கட்டி முடியட்டும் என்பது இரண்டாவது காரணம். வீடு ஒருநாளும் முடிவதில்லை. தரைத்தளம் முடிந்தால் மாடி. மாடி முடிந்தால் தம்பிக்கு ஒரு பகுதி. பிறகு மகளுக்கு நகை. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள நம் ஊர்த் தெருக்களில் நடந்து பாருங்கள். தேக்குக் கதவும் பளிங்குத் தரையுமாய் எழுந்து நிற்கும் வீடுகளில் ஒரே ஓர் அறையில் மட்டும் விளக்கெரிகிறது. அந்த அறையில் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள். குடும்பத்துக்காக வீடு என்று தொடங்கியவர்கள், வீட்டுக்காகக் குடும்பத்தைக் கலைத்துவிட்டார்கள். இரு படுக்கையறை வாடகை வீட்டில் நால்வரும் ஒன்றாக அமர்ந்து நோன்பு திறப்பதில் உள்ள பரக்கத், யாரும் அமராத கூடத்தில் இல்லை.

பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பது மூன்றாவது. வளைகுடா நகரங்களில் பாங்கு ஒலி கேட்காத தெரு அரிது. பள்ளிவாசல் நடந்துபோகும் தொலைவில் இருக்கும். மாறாக, தந்தையின் கண்காணிப்பின்றி, மாதந்தோறும் அவர் அனுப்பும் பணத்தையும் விலையுயர்ந்த கைப்பேசியையும் மட்டுமே தந்தையாக அறிந்து வளரும் மகனை ஊரில் யார் காப்பது? தாய்மொழி மறந்துவிடும் என்ற கவலை நியாயமானது. வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத்தருவது நம் கையில்தான் இருக்கிறது.

2020ஆம் ஆண்டு நமக்கு ஒரு பாடம் நடத்தியது. மார்ச் மாதம் பன்னாட்டு விமானங்கள் நின்றன. மே 7 அன்று மீட்பு விமானங்கள் தொடங்கிய பின்னும் இடத்துக்காகக் காத்திருந்தவர் எண்ணற்றோர். தாயின் ஜனாஸாவையும் பிள்ளையின் பிறப்பையும் திரையில் பார்த்துக் கண்ணீர் வடித்தவர்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. நாளை என்பது நம் கைவசம் இருப்பதுபோல் தள்ளிப்போடுகிறோம். வாழ்வை ஒத்திவைக்கலாம் என்று நமக்கு உத்தரவாதம் தந்தவர் யார்?

இயலாதவர்களின் நிலை

எல்லோராலும் அழைத்துக்கொள்ள இயலாது என்பதை மறுக்கவில்லை. சிங்கப்பூரில் சாதாரணத் தொழிலாளர் அனுமதியில் உள்ளவர் குடும்பத்தை அழைக்க முடியாது. உயர்நிலை அனுமதி உள்ளவருக்கும் மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும். மலேசியாவில் பொதுத் தொழிலாளர்க்கு அந்த வழி இல்லை. சவூதியில் 2017 ஜூலையில் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம், ஆண்டுதோறும் ஏறி 2020இல் 400 ரியாலானது. மனைவியும் இரு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். அதைத் தாங்க முடியாமல் குடும்பங்களைத் திருப்பி அனுப்பியவர்களை நாம் குறை சொல்லவில்லை. குவைத் 2024 ஜனவரியில் குடும்ப விசாவை மீண்டும் திறந்தபோது 800 தினார் சம்பளம் கேட்டது. அமீரகத்திலோ 2019 முதல் தொழிலின் பெயரைப் பார்க்காமல் வருமானத்தைப் பார்க்கிறார்கள்: 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். இந்த விதிகள் அவ்வப்போது மாறுபவை. புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். சட்டம் அனுமதித்தாலும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும் நிலையில் உள்ளவரும் பலர்.

அத்தகையவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: பிரிவுக்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள். இத்தனை ஆண்டு, இவ்வளவு சேமிப்பு, அதன்பின் ஊர் என்று இருவரும் அமர்ந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதுவரை, முதலாளி தரும் விடுப்பைப் பணமாக மாற்றிக்கொள்ளாமல் வீட்டுக்கு வாருங்கள். இயன்ற இடத்தில், பள்ளி விடுமுறையில் வருகை விசாவிலேனும் அவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். தேவை முடிந்ததும் பயணி குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன பயணம் இந்தப் பயணமும்தான்.

அழைத்துச் சென்றபின் அவளைப் பத்தாவது மாடியில் பூட்டிவைப்பதும் தீர்வாகாது. கடவுச்சீட்டும் ஆவணங்களும் அவள் கையில் இருக்கட்டும். அந்த ஊரின் பேருந்தும் கடையும் மருத்துவமனையும் அவளுக்குப் பழகட்டும். பட்டம் பெற்ற பெண்ணானால், சட்டம் அனுமதிக்கும் வேலையையோ மேற்படிப்பையோ தடுக்காதீர்கள். அவளுடைய விசா உங்கள் வேலையைச் சார்ந்தது. உங்கள் வேலை போனால் இருவரும் ஒரே நாளில் ஊர் திரும்ப நேரலாம். அதற்கும் அவளை ஆயத்தப்படுத்துங்கள்.

ஜமாஅத்தார்களுக்கு

இது அந்தந்த வீட்டு விஷயம் என்று ஜமாஅத் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கணவன் வெளிநாட்டில் இருக்கும்போது மாமி மருமகள் வழக்கு வந்தால் பஞ்சாயத்துப் பேசுவது ஜமாஅத்; குலா கேட்டுப் பெண் வந்து நிற்பதும் அங்கேதான். வழக்கு முற்றியபின் பேசும் பெரியவர்கள், நிக்காஹ்வுக்கு முன்பே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மாப்பிள்ளையின் விசா எத்தகையது? பெண்ணை எந்தக் காலத்துக்குள் அழைப்பார்? அழைக்க இயலாவிட்டால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருவார்? விடைகளை நிக்காஹ் தஃப்தரில் இரு வீட்டார் கையொப்பத்துடன் பதிய வேண்டும். நிபந்தனைகளிலேயே நிறைவேற்றத் தகுதி மிகுந்தவை நிக்காஹ்வின்போது ஒப்புக்கொண்டவை என்பது நபிமொழியின் கருத்து. மஹரை எழுதிவைக்கும் நாம் இதை எழுதுவதற்கு ஏன் கூச வேண்டும்?

இன்னொன்று. தஃப்தர் பதிவோடு நின்றுவிடாமல், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் குடும்ப விசா நகராது. அமீரகம், குவைத் போன்ற நாடுகளுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றோடு 2022 டிசம்பர் முதல் சவூதிக்கும் அப்போஸ்டில் முத்திரை போதும். இவை தெரியாமல் கடலூருக்கும் சென்னைக்கும் அலைந்து, தரகர்களிடம் பணத்தைக் கொட்டும் குடும்பங்கள் ஏராளம். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் தாராளமாக அள்ளித்தரும் நம் வெளிநாட்டு ஊர்ச் சங்கங்கள், சிதம்பரத்திலும் கடலூரிலும் இதற்கென ஓர் உதவி மேசையை நடத்தினால் அது நிலைத்த நன்மையாக இருக்கும்.

பெண்ணைப் பெற்றவர்களே, கேட்கக் கூசாதீர்கள். உங்கள் மகள் ஒரு மனிதருக்கு மனைவியாகப் போகிறாள். ஒரு கட்டடத்துக்குக் காவலாகப் போகவில்லை. மாப்பிள்ளையைப் பெற்ற தாய்மார்களே, உங்களில் எத்தனையோ பேர் இதே பிரிவில் இளமையைக் கழித்தவர்கள். அந்த வேதனை உங்களுக்குத் தெரியும். அதை மருமகளுக்கும் சீதனமாகக் கொடுத்துவிடாதீர்கள். ‘போய் உன் புருஷனோடு இரு, மகளே’ என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல் போதும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, உங்கள் உழைப்பை நாம் சிறுமைப்படுத்தவில்லை. அந்த உழைப்பின் பலனை உண்ண வேண்டியவர்கள் உங்கள் மனைவி மக்கள்; அவர்களுக்கு முதலில் வேண்டியது நீங்கள். இந்த விடுப்பில் வரும்போது, வீட்டின் அடுத்த தளத்தைப் பற்றிப் பேசுமுன், உன் விருப்பம் என்ன என்று அவளிடம் கேளுங்கள்.

பொறுப்பாளர் ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படும் நாள் வரும். கட்டிய வீட்டின் சதுர அடியை அங்கே யாரும் அளக்கப் போவதில்லை. பிரிந்து வாழும் குடும்பங்களை அல்லாஹ் நலமுடன் ஒன்றுசேர்ப்பானாக! நம் இல்லங்களில் அன்பையும் கருணையையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.